மலைக்கு அடியில் ஆய்வு: எதற்கு அஞ்சுவது, எதைக் கேட்பது?

ஜெனிவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் தன் பெரிய இயந்திரத்தை மறுபடி ஓட்டத் தொடங்கும்போதெல்லாம் மலேசியத் தமிழர்களாகிய நம் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வரும். பூமியில் கருந்துளை விழப் போகிறது, வேறோர் உலகத்துக்குக் கதவு திறக்கப் போகிறது என்று அதில் எழுதியிருக்கும். 2022 ஜூலை 5ஆம் தேதி அந்த இயந்திரத்தின் மூன்றாம் கட்ட ஓட்டம் தொடங்கியபோதும் இந்தப் புரளி உலகம் முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்க்கிறவர்களுக்கு இன்னொரு கதையும் தெரியும். தேனி மாவட்டத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்டும் திட்டத்தை மக்கள் எதிர்த்தார்கள். அது இன்றுவரை எழும்பவில்லை.

இதையெல்லாம் ‘விவரம் தெரியாத சனங்களின் பயம்’ என்று ஒதுக்கிவிடுவது சுலபம். விஞ்ஞானிகள் உலகத்தையே அழிக்கப் பார்க்கிறார்கள் என்று கூச்சல் போடுவது அதைவிடச் சுலபம். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இதில் இரண்டு அச்சங்கள் கலந்து கிடப்பது தெரியும். ஒன்று, துகளைப் பற்றியது. மற்றொன்று, அந்தத் துகளைத் தேடுவதற்காகப் பாறையை வெடிக்கிற, தண்ணீர் எடுக்கிற, காட்டோரத்தில் சாலை போடுகிற மனிதர்களைப் பற்றியது. முதல் அச்சத்துக்கு இயற்பியலில் தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு நாம் கேட்டு வாங்கினால்தான் பதில் கிடைக்கும்.

மோதவிடும் ஆய்வு, காத்திருக்கும் ஆய்வு

துகள் இயற்பியல் என்பது பொருள்கள் எல்லாம் எதனால் ஆனவை என்று ஆராயும் துறை. இதன் ஆய்வுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் துகள்களை மிக வேகமாக ஓடவிட்டு மோத வைப்பார்கள். செர்னில் இருப்பது இந்த வகை. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில், தரைக்குச் சுமார் 100 மீட்டர் கீழே, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையச் சுரங்கத்தில் புரோட்டான்கள் எதிரெதிர் திசையில் ஓடுகின்றன. அவை மோதிச் சிதறுவதைக் கருவிகள் பதிவு செய்கின்றன. ஹிக்ஸ் போசான் என்ற துகளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று 2012 ஜூலை 4 அன்று அங்கிருந்துதான் அறிவித்தார்கள்.

இரண்டாம் வகையில் மோதலும் இல்லை, முடுக்கமும் இல்லை. இயற்கையாகவே வந்துகொண்டிருக்கும் துகள்களில் ஏதாவது ஒன்று கருவியில் சிக்குமா என்று காத்திருப்பார்கள். தேனியில் திட்டமிடப்பட்டது இந்த வகை. அங்கே எதையும் உற்பத்தி செய்யும் ஏற்பாடு இல்லை. வருவதைப் பதிவு செய்வதோடு அதன் வேலை முடிந்தது.

இந்த வேறுபாடு மனத்தில் இருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கருந்துளை பற்றிய பயம் முதல் வகையைச் சேர்ந்தது. தேனி ஆய்வகத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது.

கருந்துளை வந்து பூமியை விழுங்குமா?

இந்தப் பயம் செர்னோடு பிறந்ததன்று. 1999இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் தங்க அணுக்கருக்களை மோதவிட ஓர் இயந்திரத்தைக் கட்டி முடிக்கும் நிலையில் இருந்தது. அது உலகத்தை அழித்துவிடுமா என்று பத்திரிகைகள் கேள்வி எழுப்பின. ஆய்வகத்தின் இயக்குநர் ஜான் மார்பர்கர் இயற்பியலாளர் குழு ஒன்றை அமைத்து அறிக்கை கேட்டார். ஆபத்துக்கு வழியில்லை என்று குழு சொன்னது. 2000ஆம் ஆண்டு இயந்திரம் ஓடத் தொடங்கியது.

அடுத்தது செர்னின் முறை. 2008 மார்ச்சில் வால்டர் வாக்னர், லூயிஸ் சாஞ்சோ என்ற இருவர் அமெரிக்காவின் ஹவாய் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த இயந்திரத்தைத் தடுக்கக் கோரி வழக்குப் போட்டார்கள். வழக்கு அதே ஆண்டு தள்ளுபடியானது. 2010இல் மேல்முறையீடும் தோற்றது. இதற்கிடையில், 2008 செப்டம்பர் 10 அன்று செர்னில் முதல் ஓட்டம் நடந்தது. அன்றைக்கு இந்தியத் தொலைக்காட்சிகள் சில, உலகம் அழியுமா என்று மணிக்கணக்கில் ஓட்டின. அதைப் பார்த்துப் பயந்து மத்தியப் பிரதேசத்தில் ஒரு பதின்வயதுப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். கருந்துளை யாரையும் தொடவில்லை. செய்தி ஓர் உயிரை வாங்கியது.

இந்த ஆய்வில் ஆபத்து இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? முதலில் ஆற்றலின் அளவைப் பாருங்கள். செர்னில் ஒரு மோதலின் ஆற்றல் இப்போது 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட். பெயர் மிரட்டுகிறதே தவிர, ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட் என்பது பறக்கும் கொசு ஒன்றின் இயக்க ஆற்றல் அளவுக்குத்தான் வரும். அதை ஓர் அணுவைவிடச் சிறிய இடத்தில் குவிப்பதுதான் சாதனை.

இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் எந்நேரமும் நம் காற்று மண்டலத்தில் மோதிக்கொண்டிருக்கின்றன. 1991இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதிவான ஒரு துகளின் ஆற்றல், செர்னில் ஓடும் ஒரு புரோட்டானின் ஆற்றலைப் போல 4 கோடி மடங்குக்கும் மேல். பூமி தோன்றிய நாள்முதல், செர்னின் முழு ஆய்வுத் திட்டத்துக்குச் சமமான மோதல்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இயற்கையாகவே நடந்திருக்கும் என்று 2008இல் செர்னின் பாதுகாப்பு மதிப்பீட்டுக் குழு கணக்கிட்டது. அவ்வளவுக்கும் பிறகு பூமி இருக்கிறது, நிலா இருக்கிறது, சூரியனும் இருக்கிறது.

இதற்கும் ஒரு மறுப்பு எழுந்தது. காஸ்மிக் கதிர் மோதி உண்டாகும் பொருள் அதே வேகத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். இயந்திரத்தில் உண்டாவதோ மெதுவாக இங்கேயே தங்கிவிடலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஸ்டீவன் கிடிங்ஸ், மிக்கேலாஞ்சலோ மாங்கானோ என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 2008இல் இதற்கு விரிவான பதில் எழுதினார்கள். வெண்குறு விண்மீன்களும் நியூட்ரான் விண்மீன்களும் மிகவும் அடர்த்தியானவை. வேகமாக வரும் பொருளையும் அவை நிறுத்திவிடும். ஆபத்தான கருந்துளைகள் இப்படி உண்டாக முடியும் என்றால் அந்த விண்மீன்கள் எப்போதோ அழிந்திருக்க வேண்டும். அவை இன்றும் வானத்தில் இருக்கின்றன.

செர்னில் விபத்தே நடந்ததில்லையா என்றால், நடந்தது. முதல் ஓட்டத்துக்கு ஒன்பது நாள் கழித்து, 2008 செப்டம்பர் 19 அன்று, இரண்டு காந்தங்களுக்கு இடையிலிருந்த மின் இணைப்பு ஒன்று பழுதாகிக் குளிரூட்டும் ஹீலியம் டன் கணக்கில் சுரங்கத்துக்குள் கொட்டியது. காந்தங்கள் பெயர்ந்தன. யாருக்கும் காயமில்லை. இயந்திரம் மறுபடி ஓட ஓராண்டுக்கு மேல் ஆனது. உலகம் அழியும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, காலை வாரியது ஒரு மின் இணைப்பு. இந்த ஆய்வுகளில் கவனிக்க வேண்டியது எது என்பதற்கு இதுவே ஒரு குறிப்பு.

நியூட்ரினோ என்பது என்ன?

நியூட்ரினோ மின்னூட்டம் இல்லாத, ஏறத்தாழ எடையே இல்லாத துகள். அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று 1930இல் வொல்ஃப்காங் பௌலி ஊகித்தார். 1956இல்தான் அமெரிக்காவில் ரைன்ஸ், கோவன் இருவரும் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் கருவி வைத்து அதைப் பிடித்தார்கள்.

சூரியனிலிருந்து மட்டும் ஒரு சதுர செண்டிமீட்டர் பரப்புக்கு நொடிக்கு சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் வந்து விழுகின்றன. ரந்தாவில் செம்பனைக் குலை வெட்டுகிறவர் உடம்பிலும், சிரம்பான் கடைத்தெருவில் தேநீர் ஆற்றுகிறவர் உடம்பிலும் அவை புகுந்து மறுபக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. இரவிலும் இது நிற்பதில்லை. அப்போது அவை பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து வருகின்றன. நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியமும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெளியிடுகிறது. இவை அநேகமாக எதையும் தொடுவதில்லை என்பதால்தான் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. இவற்றைப் பிடிப்பது பெரும்பாடாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

பிடிப்பதென்றால் மற்ற துகள்களின் தொல்லை இல்லாத இடம் வேண்டும். காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான்கள் தரைமட்டத்தில் ஓயாமல் பொழிகின்றன. மேலே ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் அவற்றில் பெரும்பகுதி அடங்கிவிடும், நியூட்ரினோ மட்டும் தாண்டி வரும். மலைக்கு அடியில் போவதற்கு இதுதான் காரணம். ஆபத்தான ஒன்றை ஊர்க்கண்ணில் படாமல் ஒளித்து வைக்கத்தான் மலையைத் தேடுகிறார்கள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. உண்மையில், வெளியே இருக்கும் துகள்கள் உள்ளே வராமல் தடுக்கத்தான் மலை தேவைப்படுகிறது.

இந்த வேலையில் இந்தியா பிந்தி வந்த நாடு அன்று. நம் முன்னோர் ரப்பர்க் காட்டுக்குக் கப்பல் ஏறிய காலத்தில் இன்னொரு கூட்டம் தமிழர்கள் மைசூர்ச் சீமையின் கோலார் தங்க வயலுக்குப் பிழைக்கப் போனார்கள். அந்தச் சுரங்கத்தில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சேர்ந்து வைத்த கருவி 1965இல் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் இதே சாதனை நடந்தது. உலகத்திலேயே இவைதான் முதல். தங்கம் எடுத்தவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது. நியூட்ரினோவால் எவருக்கும் எதுவும் வரவில்லை. 2001இல் சுரங்கமே மூடப்பட்டதும், இந்தியாவுக்கு வேறோர் இடம் தேவைப்பட்டது.

தேனியில் நடந்தது என்ன?

முதலில் பார்த்த இடம் நீலகிரி மாவட்டத்துச் சிங்காரா. முதுமலைக் காட்டையொட்டிய அந்தப் பகுதி யானைகளின் வழித்தடம் என்பதால் 2009இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. பிறகு தேனி மாவட்டம் பொட்டிப்புரம் ஊராட்சியில், போடி மேற்கு மலைக்கு அடியில் இடம் பார்த்தார்கள். 2015 ஜனவரியில் இந்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

திட்டம் இதுதான். மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கப் பாதை. அதன் முடிவில் ஒரு பெரிய குகை. அதற்குள் 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கிக் காந்தமாக்கிய ஒரு கருவி.

அந்தக் கருவி எப்படி இருக்கும் என்பதற்கு மதுரையில் ஒரு சிறிய மாதிரி இருக்கிறது. எடை 85 டன். நான்கு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலத்தில் இரும்புத் தகடுகள் 11 அடுக்கு. ஒரு தகட்டின் கனம் 56 மில்லிமீட்டர். அடுக்குகளுக்கு இடையே இரண்டிரண்டு கண்ணாடித் தகடுகளாலான பெட்டிகள் செருகப்பட்டிருக்கும். கண்ணாடிகளுக்கு நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் வாயு ஓடும். அதன் குறுக்கே சுமார் பத்தாயிரம் வோல்ட் மின்னழுத்தம். மின்னூட்டமுள்ள ஒரு துகள் ஊடே போனால் அந்த இடத்தில் சிறு மின்பொறி எழும். மேலும் கீழும் ஒட்டிய உலோகப் பட்டைகள் அதை உணர்ந்து, எந்த இடம், எந்த நொடி என்று கணினிக்குச் சொல்லும். அடுக்கு அடுக்காகப் புள்ளிகளைச் சேர்த்தால் துகள் போன பாதை திரையில் கோடாகத் தெரியும். காந்தப் புலத்தால் அந்தக் கோடு வளையும். எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து, வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று பிரிப்பார்கள். உலகத்தின் மற்ற பெரிய நியூட்ரினோ ஆய்வகங்களில் இந்த வசதி அரிது. தேனித் திட்டத்தின் தனிச்சிறப்பு அதுதான்.

யுரேனியம், அணு உலை, முடுக்கி எதுவும் இதில் கிடையாது. 50,000 டன் இரும்பு இருந்தும், ஒரு நாளைக்குச் சிக்கப்போவது சில நியூட்ரினோக்கள்தான்.

ஆனாலும் எதிர்ப்பு வலுத்தது. 2015இல் அரசியல் தலைவர் வைகோ மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காடியது. சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்ட முறை சரியில்லை என்று 2017இல் தீர்ப்பாயம் அதை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு புதிதாக அனுமதி கொடுத்தது. அந்தச் சமயத்தில் வைகோ நடத்திய எதிர்ப்பு நடைபயணத்தில் அவருடைய கட்சித் தொண்டர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். ஆண்டு இறுதியில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ஏற்றுக்கொண்டது. ஆனால் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது. 2021 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைக் கைவிடும்படி பிரதமரிடம் கேட்டுக்கொண்டார். புலிகளின் வழித்தடத்தையும் நீர்ப்பிடிப்பு மலையையும் காரணம் காட்டி, அனுமதிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றங்களில் நின்றவை காடு, புலி, தண்ணீர், அனுமதி முறை ஆகியவை. மேடைகளிலும் துண்டறிக்கைகளிலும் அதிகம் முழங்கியது கதிர்வீச்சும் குண்டும்.

அச்சங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

*நியூட்ரினோவால் கதிர்வீச்சு வருமா?* வராது. ஆய்வகம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அந்த மலை வழியாகப் போகும் நியூட்ரினோக்களின் எண்ணிக்கை ஒன்றுதான். மதுரை மாதிரிக் கருவியும் ஏற்கெனவே பொழிகிற மியூவான்களைத்தான் பதிவு செய்கிறது.

*அமெரிக்காவிலிருந்து நியூட்ரினோக் கற்றையை அனுப்பினால்?* கற்றைகள் அனுப்புவது உண்மை. ஜப்பானில் தொக்காயிலிருந்து கமியோக்காவுக்கு 295 கிலோமீட்டர் தூரம் பூமிக்குள் அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் சிக்காகோ அருகிலிருந்து மின்னசோட்டாவுக்கு 735 கிலோமீட்டர் அனுப்பினார்கள். வழியிலுள்ள வயல்களுக்கும் ஊர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. மிக அதிக ஆற்றலுள்ள மியூவான் மோதுவியைக் கட்டினால் அதன் கற்றை தரையைவிட்டு வெளிவரும் இடத்தில் நியூட்ரினோக் கதிர்வீச்சைக் கணக்கில் எடுக்க வேண்டிவரும் என்று விஞ்ஞானிகளே எழுதியிருக்கிறார்கள். கற்றையால் ஆபத்து என்று எதிர்ப்பாளர்கள் காட்டிய கணக்கு அதிலிருந்து வந்தது. ஆனால் அத்தகைய இயந்திரம் உலகில் எங்கும் கிடையாது.

*அணுக்கழிவைக் கொட்டவா குகை?* இந்தச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் உண்டு. திட்டத்துக்குப் பணம் கொடுப்பதில் இந்திய அணுசக்தித் துறைக்குப் பெரும் பங்கு. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள் 2011இல் தொடங்கிய போராட்டம் அப்போது நினைவில் பச்சையாக இருந்தது. திட்ட ஆவணங்களில் கழிவுக்கு இடமில்லை. ஆனாலும் ஒரே துறை இரண்டையும் நடத்தும்போது ஒன்றின் மேலுள்ள அவநம்பிக்கை மற்றொன்றின் மேலும் படியும்.

*வெடி வைத்தால் முல்லைப் பெரியாறு, இடுக்கி அணைகள் தாங்குமா?* பாறை வெடிப்பின் அதிர்வு தூரம் போகப் போக வேகமாகக் குறையும். இரண்டு கிலோமீட்டர்ச் சுரங்கம் பொறியாளர்களுக்குப் புதிதன்று. நம் நாட்டில் பகாங்கிலிருந்து சிலாங்கூருக்குத் தண்ணீர் கொண்டுவரத் தித்திவாங்சா மலைத்தொடரைக் குடைந்த சுரங்கம் 44.6 கிலோமீட்டர். அதன் ஒரு பகுதி வெடி வைத்தே தோண்டப்பட்டது. எனினும் எவ்வளவு வெடிமருந்து, எத்தனை மணிக்கு, அதிர்வை அளப்பது யார் என்று அருகிலுள்ள ஊர் மக்கள் கேட்பது முழுக்க நியாயம்.

*காடும் தண்ணீரும்?* இங்கேதான் எதிர்ப்பின் உண்மையான பலம். லாரிப் போக்குவரத்து, தோண்டியெடுத்த கல், கட்டுமானத் தூசி, நாள்தோறும் தேவைப்படும் தண்ணீர், பாறை இடுக்குகளில் ஓடும் ஊற்றுநீர் எல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கணக்குப் பார்க்க வேண்டியவை. கருவியில் ஓடும் வாயுக்களும் அப்படியே. அவற்றில் முக்கியமானது ஆர்-134ஏ என்ற குளிர்பதன வாயு. அது காற்றில் கசிந்தால் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவி வெப்பத்தைக் கூட்டும். மறுசுழற்சி ஏற்பாடு இருக்கிறதா என்பது துண்டறிக்கைகளில் வர வேண்டிய கேள்வி. ‘நியூட்ரினோ குண்டு’ என்ற முழக்கம் அதை மறைத்துவிட்டது.

மற்ற நாடுகளில் நடந்த விபத்துகள்

ஜப்பானின் சூப்பர் கமியோக்கண்டே ஆய்வகம் மலைக்கு ஒரு கிலோமீட்டர் அடியில் 50,000 டன் தண்ணீர்த் தொட்டியாக இருக்கிறது. 2001 நவம்பரில் தொட்டியை நிரப்பும்போது ஓர் ஒளி உணர்குழல் உடைந்தது. அந்த அதிர்ச்சியலை பரவி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழல்கள் நொறுங்கின. யாருக்கும் காயமில்லை. அதைச் சீர்செய்து இன்றும் ஓட்டுகிறார்கள். நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று அங்கே நடத்திய ஆய்வில் காட்டியதற்காகத் தக்காக்கி கஜித்தாவுக்கு 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. கனடாவின் சட்பரி ஆய்வகத்து ஆர்தர் மெக்டொனால்டும் அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகக் கதை வேறு. 2002 ஆகஸ்டில் அங்கிருந்த போரெக்சினோ கருவியின் வேலையின்போது சூடோகுமீன் என்ற வேதிப்பொருள் சுமார் 50 லிட்டர் கசிந்து, வடிகால் வழியாக வெளியே ஓடைக்குப் போய்விட்டது. அந்த மலை சுற்றுவட்டார ஊர்களுக்குக் குடிநீர் தரும் மலை. மக்கள் கொதித்தார்கள். நீதிமன்றம் ஆய்வகத்தின் ஒரு பகுதியை மூடி முத்திரை வைத்தது. வடிகால்களைச் சீரமைத்த பிறகுதான் வேலை தொடர்ந்தது.

நியூட்ரினோ ஆய்வகத்தால் ஊருக்கு வந்த கெடுதிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் இதைச் சொல்லலாம். வந்தது நியூட்ரினோவாலன்று, ஒரு குழாயால். சீனாவில் 2025இல் ஓடத் தொடங்கிய ஜூனோ ஆய்வகத்தில் இத்தகைய வேதித் திரவம் 20,000 டன் இருக்கிறது. தேனித் திட்டம் இரும்பை நம்பியது. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் வெவ்வேறு.

நமக்கு ஏன் நம்பிக்கை வருவதில்லை?

‘பாதுகாப்பானதுதான், பயப்படாதீர்கள்’ என்று மேலிடம் சொன்னால் நம்மவர்கள் உடனே நம்புவதில்லை. அதற்கு நம் சொந்த அனுபவம் காரணம்.

பேராக்கின் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் உற்பத்தியைத் தொடங்கியது. வெள்ளீயச் சுரங்க மணலிலிருந்து அரிய மண் தனிமங்களைப் பிரித்தபோது தோரியம் என்ற கதிரியக்கக் கழிவு மிஞ்சியது. ஊர் மக்கள் 1985இல் வழக்குப் போட்டார்கள். 1992இல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆனாலும் 1994இல் நிறுவனமே ஆலையை மூடியது. பிறகு பல ஆண்டுகள் துப்புரவு வேலை நடந்தது. அங்கே மக்களின் பயத்துக்கு நிஜமான பொருள் இருந்தது. அதை அளக்கலாம், மூட்டை மூட்டையாக எண்ணலாம்.

நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே நடந்தது 1999இன் நிப்பா கொள்ளைநோய். போர்ட்டிக்சன் வட்டாரத்தின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சல் கண்டு மடிந்தார்கள். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று சொல்லிப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் இறந்தார்கள். இது வேறு நோயாக இருக்க வேண்டும் என்று மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஐயப்பட்டார். அவர் பிரித்தெடுத்த கிருமி உலகம் அதுவரை அறியாதது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. அந்தக் கொள்ளைநோயில் மேலிடத்து விளக்கம் தவறியது. தவறைக் கண்டுபிடித்ததும் அறிவியல்தான்.

மூன்றாவது அனுபவம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. செம்பனை வரிசைகளில் முதுகில் மருந்து பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாராகுவாட் நஞ்சு. ஒரு வாய் உள்ளே போனால் பிழைப்பது அரிது. முறிமருந்து கிடையாது. 2002இல் அரசாங்கம் அதைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. ஊர் பேர் தெரியாத துகளுக்குப் பயந்து செய்தி அனுப்புகிற நாம், அம்மாவின் கையில் பட்ட மருந்துக்கு அத்தனை சத்தம் போட்டோமா என்று யோசிக்கலாம்.

இன்னொரு தகவல். நம் மாநில எல்லைக்குப் பக்கத்தில், பாங்கியில், மலேசிய அணுசக்தி முகமையின் ஒரு மெகாவாட் ஆய்வு உலை 1982 ஜூன் 28 முதல் இயங்குகிறது. அதிலிருந்து கிளம்பும் எதிர்நியூட்ரினோக்கள் நீலாய் வீடுகளின் வழியாகவும் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றால் கேடில்லை. அங்கே கண்காணிக்க வேண்டியவை எரிபொருளும் கழிவும்.

அடுத்த முறை செய்தி வந்தால் கேட்க வேண்டியவை

பெரிய அறிவியல் திட்டம் எதைப் பற்றிச் செய்தி வந்தாலும், அது எந்த நாட்டில் நடந்தாலும், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. அங்கே எதையாவது உற்பத்தி செய்கிறார்களா, வருவதைப் பதிவு மட்டும் செய்கிறார்களா?

2. உள்ளே போகும் பொருள்கள் எவை, வெளியே வரும் கழிவு எது? வாயு, வேதித் திரவம், கதிரியக்கப் பொருள் என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்களா?

3. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வடிகால் எங்கே போய்ச் சேருகிறது?

4. பாதுகாப்பு அறிக்கையை எழுதியது யார்? திட்டக்காரர்களின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர் அதைச் சரிபார்த்தாரா? சுற்றுவட்டார மக்களுக்குப் புரியும் மொழியில் அது கிடைக்கிறதா?

5. தவறு நடந்தால் முதலில் யாருக்குச் சொல்வார்கள், இழப்பீடு யார் கொடுப்பார்கள்?

தேனியில் விஞ்ஞானிகள் ஊர் ஊராகப் போய்ப் பேசத்தான் செய்தார்கள். பெரும்பாலும் முதல் கேள்விக்கே பதில் சொன்னார்கள். நியூட்ரினோ சாதுவானது என்பதில் அவர்கள் சொன்னது சரி. மூன்றாம், நான்காம் கேள்விகளில் ஊராருக்குத் திருப்தி இல்லை. அனுமதி முறையில் ஏற்பட்ட குளறுபடி அந்த அதிருப்தியை வளர்த்தது. எதிர்த்தவர்களில் பலரும் பலமான கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டே பொய்யான பயத்தை முன்னால் நிறுத்தினார்கள். அதில் நஷ்டம் இரு தரப்புக்கும்.

மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செர்னின் சி.எம்.எஸ். ஆய்வில் பங்கேற்கிறார்கள். நம் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒன்று நாளைக்கு அந்தச் சுரங்கத்தில் வேலை பார்க்கலாம். கருந்துளைச் செய்தி அடுத்த முறை புலனத்தில் வந்தால் அதை நாலு பேருக்குத் தள்ளிவிடாமல், மேலே உள்ள ஐந்து கேள்விகளையும் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். உங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஆலை வருகிறதென்றால் அதே கேள்விகளை நிர்வாகத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். எழுதிக் கேட்டதற்கு எழுத்தில் பதில் வரும்வரை விடாதீர்கள்.